வாசகர் கேள்விகள்: ஸ்ரீநகரில் முதல்வர் இருக்கிறார், போலீஸ் யார் கையில்?

ஜம்மு-காஷ்மீரில் 2024-ல் தேர்தல் நடந்து ஆட்சி அமைந்ததைப் பற்றிப் போன இதழில் அரைப்பக்கம் எழுதியிருந்தோம். அதற்கு மலையிலிருந்து இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. ஊட்டி, குன்னூர், கூடலூர், கொடைக்கானல் என்று எல்லாப் பக்கமிருந்தும் கேட்டிருக்கிறீர்கள். 2025 முடியப் போகும் இந்த நேரத்தில் நிலவரம் என்னவோ அதை வைத்துப் பதில் சொல்கிறேன்.

*கேள்வி: எங்கள் கடைக்குப் பக்கத்தில் சால்வை விற்கும் காஷ்மீர்த் தம்பி, "ஓட்டுப் போட்டோம், சி.எம். வந்தார், ஆனா அவர் கையில ஒண்ணுமே இல்ல" என்று புலம்புகிறார். உண்மையா, இல்லை அரசியல் பேச்சா? (சேரிங் கிராஸ், ஊட்டி)*

பெருமளவு உண்மை. ஜம்மு-காஷ்மீர் மாநிலத்தை ஜம்மு-காஷ்மீர், லடாக் என்று இரண்டு யூனியன் பிரதேசமாக்கி 2019 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மறுசீரமைப்புச் சட்டத்தின் 32-வது பிரிவைப் பாருங்கள். மாநிலப் பட்டியலில் உள்ள விஷயங்களில் சட்டமன்றம் சட்டம் இயற்றலாம், ஆனால் பொது ஒழுங்கு, காவல்துறை இரண்டும் கிடையாது என்கிறது. 53-வது பிரிவு அதற்கும் மேலே போகிறது. சட்டமன்றத்துக்கு அதிகாரம் இல்லாத விஷயங்கள், ஐ.ஏ.எஸ். - ஐ.பி.எஸ். போன்ற அகில இந்தியப் பணிகள், ஊழல் தடுப்புப் பிரிவு ஆகியவற்றில் மத்திய அரசு நியமிக்கும் துணைநிலை ஆளுநர் தன் விருப்பப்படி முடிவெடுக்கலாம், எது அவர் விருப்பத்துக்கு உட்பட்டது என்ற சந்தேகம் வந்தால் அதையும் அவரே முடிவு செய்வார், அதுவே இறுதி. பண மசோதாவைச் சபையில் வைக்கவே அவர் பரிந்துரை வேண்டும்.

நம்ம மாவட்டத்தில் வைத்து யோசித்துப் பாருங்கள். கூடலூர்ப் பக்கம் யானை ஆளைக் கொன்றுவிட்டது, ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள் என்றால் என்ன நடக்கும்? அமைச்சர் கலெக்டருக்குப் போன் போடுவார், எஸ்.பி.க்குப் போன் போடுவார், இருவரும் ஓடி வருவார்கள். வரவில்லை என்றால் மறுவாரம் மாறுதல் உத்தரவு வரும் என்று அவர்களுக்குத் தெரியும். ஸ்ரீநகரில் முதல்வருக்கு அந்தக் கலெக்டரையும் மாற்ற முடியாது, எஸ்.பி.யையும் மாற்ற முடியாது. தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்னால், 2024 ஜூலையில், உள்துறை அமைச்சகம் அலுவல் விதிகளைத் திருத்தி, அட்வகேட் ஜெனரல் நியமனம், வழக்குத் தொடர அனுமதி, சிறைத்துறை போன்ற கோப்புகளும் துணைநிலை ஆளுநர் மேசைக்குப் போயே ஆக வேண்டும் என்று வைத்துவிட்டது. 2025 ஏப்ரலில் அங்குள்ள வருவாய்த் துறை அதிகாரிகளைத் துணைநிலை ஆளுநர் தரப்பு கூட்டமாக மாற்றியபோது, அது எங்கள் அதிகாரம் என்று முதல்வர் உமர் அப்துல்லா எதிர்ப்புத் தெரிவித்தார்.

ஒரே ஒரு காட்சி சொல்கிறேன். 1931 ஜூலை 13-ல் மகாராஜா காலத்தில் ஸ்ரீநகர் மத்தியச் சிறைக்கு வெளியே 22 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த நாள் அங்கே அரசு விடுமுறையாக இருந்தது, 2019-க்குப் பிறகு பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2025 ஜூலை 13-ல் அவர்கள் கல்லறைக்குப் போகவிடாமல் தன்னை வீட்டிலேயே அடைத்துவிட்டதாக முதல்வரே சொன்னார். மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி நௌஹட்டா வரை நடந்து போய், போலீஸ் மறிக்க மறிக்கச் சுவர் ஏறிக் குதித்து உள்ளே போய் இறந்தவர்களுக்கான ஃபாத்திஹா பிரார்த்தனை ஓதினார். தேர்ந்தெடுத்த முதல்வரைத் தன் ஊரிலேயே போலீஸ் மறிக்கிறது, அந்தப் போலீஸ் அவருக்குக் கட்டுப்பட்டதல்ல. பக்கத்துக் கடைத் தம்பி சொல்வது இதைத்தான். அவரை உட்கார வைத்து ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள், இன்னும் நிறையச் சொல்வார்.

*கேள்வி: யூனியன் பிரதேசம் என்றால் புதுச்சேரியும் அதுதானே? அங்கே முதல்வர் இருக்கிறார், ஆட்சி நடக்கிறது. இதில் என்ன பெரிய வித்தியாசம்? (ஆசிரியை, குன்னூர்)*

நல்ல கேள்வி அம்மா. யூனியன் பிரதேசங்கள் எல்லாம் ஒரே அச்சு இல்லை. சட்டமன்றம் உள்ளவை மூன்று. புதுச்சேரி சட்டமன்றம் 1963-ம் வருடச் சட்டப்படி நடக்கிறது, அதற்குப் போலீஸ் விஷயத்திலும் சட்டம் இயற்ற வழி இருக்கிறது, அங்கே உள்துறை அமைச்சர் என்று ஒருவர் இருப்பதை நீங்களே பார்க்கிறீர்கள். டெல்லிக்குப் போலீஸ், பொது ஒழுங்கு, நிலம் மூன்றும் இல்லை. ஜம்மு-காஷ்மீருக்கு நிலம் உண்டு, முதல் இரண்டும் இல்லை. புதுச்சேரிக்கும் டெல்லிக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது.

ஆனால் புதுச்சேரியிலிருந்து ஒரு பாடம் அவர்களுக்கு இருக்கிறது. அங்கே 30 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், 3 பேர் மத்திய அரசு நியமிப்பவர்கள். அந்த மூவரும் நம்பிக்கை வாக்கெடுப்பில் ஓட்டுப் போடலாம் என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2021 பிப்ரவரியில் நாராயணசாமி அரசு கவிழ்ந்தபோது அந்த மூன்று பேர் கணக்கு எவ்வளவு கனமானது என்று எல்லோரும் பார்த்தோம். ஜம்மு-காஷ்மீரில் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள் 90. நியமனம் ஐந்து வரை போகலாம்: பெண்கள் இருவர், பள்ளத்தாக்கிலிருந்து இடம்பெயர்ந்த காஷ்மீரிகள் இருவர், பாகிஸ்தான் வசமுள்ள பகுதியிலிருந்து அகதியாக வந்தவர்களில் ஒருவர். அப்படி இடம்பெயர்ந்த காஷ்மீர் இந்துக்களான பண்டிட்களுக்குச் சபையில் குரல் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை, 1990-ல் அவர்கள் வீட்டைப் பூட்டக்கூட நேரமில்லாமல் ஓடி வந்தவர்கள். ஆனால் அமைச்சரவையைக் கேட்காமலே துணைநிலை ஆளுநர் நியமிக்கலாம் என்று உள்துறை அமைச்சகம் உயர் நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறது பாருங்கள், அதுதான் இடிக்கிறது. இழுபறியான சபையில் ஐந்து ஓட்டு என்பது ஆட்சியையே மாற்றும் எண்ணிக்கை.

*கேள்வி: நான் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். எல்லைக் கோட்டில் பனியில் நின்றிருக்கிறேன். நமக்குச் சொந்தமான இடத்தைச் "சர்ச்சைக்குரிய பகுதி" என்று உங்கள் பத்திரிகை எப்படி எழுதலாம்? (வெலிங்டன்)*

ஐயா, உங்கள் கோபத்தை நான் மதிக்கிறேன். 1947 அக்டோபர் 26-ல் மகாராஜா ஹரி சிங் இணைப்புப் பத்திரத்தில் கையெழுத்திட்டார், இந்திய அரசின் உரிமை அதிலிருந்து வருகிறது. பாகிஸ்தான் வசமுள்ள பகுதியும் இந்தியாவுடையதே என்று 1994 பிப்ரவரி 22-ல் நாடாளுமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டிருக்கிறது. சட்டமன்றத்தில் 24 இடங்கள் அந்தப் பகுதிக்காகக் காலியாகவே வைக்கப்பட்டிருக்கின்றன. இதெல்லாம் நம் நிலை.

பாகிஸ்தான் அதை ஏற்கவில்லை, அக்சாய் சின்னில் சுமார் 38,000 சதுர கிலோமீட்டரை சீனா வைத்திருக்கிறது, 1963-ல் ஷக்ஸ்காம் பள்ளத்தாக்கைப் பாகிஸ்தான் சீனாவுக்குக் கொடுத்தது. 1948 ஜனவரி 1-ல் ஐ.நா.வுக்கு இந்த விஷயத்தைக் கொண்டு போனதே நாம்தான், 1972 சிம்லா ஒப்பந்தத்தில் இரு நாடுகளும் பேசித் தீர்த்துக்கொள்வோம் என்று எழுதிக் கொடுத்ததும் நாம்தான். மூன்று நாடுகள் வரைபடம் மூன்று விதமாக இருக்கிறது என்றுதான் அந்த வார்த்தைக்கு அர்த்தம், நம் உரிமை குறைந்தது என்று அர்த்தமில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லையில் நிற்கிற சிப்பாய்க்குப் பின்னால் இருக்கிற ஊர் தன் ஆட்சியைத் தானே நடத்துகிற ஊராக இருந்தால் அந்தச் சிப்பாயின் வேலை சுலபமாகும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். உங்களுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

*கேள்வி: எல்லைக்கு அந்தப் பக்கம் மட்டும் சுதந்திரமாக இருக்கிறார்களா? (அருவங்காடு)*

இல்லை. "ஆசாத் காஷ்மீர்" என்று பெயர், அதற்கு ஜனாதிபதி, பிரதமர், சட்டமன்றம், 1974-ம் வருட இடைக்கால அரசியலமைப்பு எல்லாம் உண்டு. ஆனால் பாகிஸ்தானோடு இணைவதை ஏற்கிறேன் என்று உறுதிமொழி எழுதித் தராமல் அங்கே தேர்தலில் நிற்கவே முடியாது. பாகிஸ்தான் வசமுள்ள இன்னொரு பகுதியான கில்கிட்-பல்டிஸ்தானிலும் நிலைமை மோசம், பாகிஸ்தான் நாடாளுமன்றத்தில் இந்த இரண்டு பகுதிக்கும் ஒரு ஓட்டுகூடக் கிடையாது. கோதுமை மாவு விலைக்கும் மின் கட்டணத்துக்கும் எதிராக 2024 மே மாதம் முஸாஃபராபாத் பக்கம் ஜனங்கள் தெருவில் இறங்கி உயிர்ப்பலி வரை போனது. அங்கே மோசம் என்பதால் இங்கே குறைந்தது போதும் என்று சொல்லிவிட முடியாது.

*கேள்வி: ஜம்மு-காஷ்மீருக்குச் சிறப்பு அந்தஸ்து தந்த அரசியலமைப்பின் 370-வது பிரிவு போய்விட்டதால் இப்போது நாம் அங்கே நிலம் வாங்கலாம் என்கிறார்களே? (கூடலூர்)*

கூடலூரிலிருந்து நிலத்தைப் பற்றிக் கேட்டால் நான் கவனமாகத்தான் பதில் சொல்ல வேண்டும். 1969-ம் வருட ஜென்ம ஒழிப்புச் சட்டத்தின் 17-வது பிரிவு நிலத்தில் இரண்டு தலைமுறையாகக் குடியிருந்தும் பட்டா இல்லாமல், கரெண்டு கனெக்‌ஷனுக்கு அலைகிற ஆட்கள் இருக்கிற ஊர் அது. நிலம் யாருடையது என்று அரசு முடிவு செய்யாமல் விட்டால் வாழ்க்கை எப்படித் தொங்கும் என்று உங்களுக்குத் தெரியாததா.

2020 அக்டோபரில் மத்திய அரசு அங்குள்ள நிலச் சட்டங்களை மாற்றியது. நிரந்தரக் குடியுரிமை பெற்றவர்கள் மட்டுமே நிலம் வாங்கலாம் என்ற பழைய நிபந்தனை எடுக்கப்பட்டது. ஆனால் விவசாய நிலத்தை விவசாயி அல்லாதவருக்கு விற்கத் தடை இருக்கிறது, விவசாயி என்றால் அந்த யூனியன் பிரதேசத்தில் தன் கையால் பயிர் செய்பவர் என்று விளக்கமும் இருக்கிறது. அதனால் ஆப்பிள் தோட்டத்தை நேரே போய் வாங்கிவிட முடியாது. மற்ற நிலம் வாங்கலாம்.

எனக்கு உறுத்துவது அது நடந்த விதம். 2018 ஜூனில் கூட்டணி உடைந்து மெஹ்பூபா முஃப்தி அரசு கவிழ்ந்தது, நவம்பரில் சபை கலைக்கப்பட்டது, அதற்குப் பிறகு 2024 அக்டோபர் வரை சட்டமன்றமே கிடையாது. ஆறு வருடம்! இந்த ஆறு வருடத்தில்தான் 370 போனது, மாநிலம் இரண்டானது, நிலச் சட்டம் மாறியது, தொகுதி எல்லைகள் மாறின. 2019 ஆகஸ்டில் முன்னாள் முதல்வர்கள் மூன்று பேர் காவலில் இருந்தார்கள், பல மாதம் இன்டர்நெட் இல்லை, 4ஜி முழுமையாகத் திரும்பியது 2021 பிப்ரவரியில். ஒரு மாநிலத்தைப் பிரிக்கும் முன் அந்த மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 3-வது பிரிவு. அங்கே சபையே இல்லை, குடியரசுத் தலைவர் ஆட்சி, ஆகவே நாடாளுமன்றமே அந்தச் சபையின் சார்பில் தனக்குத் தானே கருத்துச் சொல்லிக்கொண்டது. 370-ஐ நீக்கியது செல்லும் என்று 2023 டிசம்பர் 11-ல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது, அது இனி சட்டம். ஆனால் நாளைக்கு எந்த மாநிலத்துக்கும் இதே வழி திறந்திருக்கிறது என்பதைத் தமிழ்நாட்டுக்காரர்களான நாம் யோசிக்காமல் இருக்க முடியாது.

*கேள்வி: கொடைக்கானல் பழனி சட்டமன்றத் தொகுதியில் இருக்கிறது. எங்கள் கஷ்டம் கீழே இருப்பவர்களுக்குப் புரிவதில்லை. மலைக்கு மலைதான் தொகுதி என்று காஷ்மீரிலாவது வைத்திருக்கிறார்களா? (கொடைக்கானல்)*

கேட்டால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். ஓய்வு பெற்ற நீதிபதி ரஞ்சனா தேசாய் தலைமையிலான தொகுதி மறுவரையறை ஆணையம் 2022 மே மாதம் இறுதி உத்தரவு கொடுத்தது. ஜம்முவுக்கு 43, காஷ்மீர்ப் பள்ளத்தாக்குக்கு 47 என்று பிரித்தது, முன்பு 37-ம் 46-மாக இருந்தது. முதல்முறையாகப் பழங்குடியினருக்கு 9 தனித் தொகுதிகள் வந்தன, அது நல்லது, குஜ்ஜர் - பக்கர்வால் மக்கள் வெகுகாலம் காத்திருந்தது. ஆனால் நாடாளுமன்றத் தொகுதி ஒன்றை எப்படி வரைந்தார்கள் தெரியுமா? பள்ளத்தாக்கில் இருக்கும் அனந்த்நாக் பக்கத்தையும், பீர் பஞ்சால் மலைத்தொடருக்கு அந்தப் பக்கம் ஜம்முவில் இருக்கும் ரஜௌரி - பூஞ்ச் பக்கத்தையும் ஒன்றாக இணைத்து அனந்த்நாக்-ரஜௌரி என்று வைத்துவிட்டார்கள். நடுவில் இருப்பது முகல் ரோடு ஒன்றுதான், பனிக்காலம் முழுக்க அடைபட்டுவிடும். 2024 மக்களவைத் தேர்தலில் அங்கே மே 7-ல் நடக்க வேண்டிய வாக்குப்பதிவை வானிலையையும் போக்குவரத்தையும் காட்டி மே 25-க்குத் தள்ளி வைத்தார்கள். பழனிக்கும் உங்களுக்கும் நடுவில் வருடம் முழுக்கப் பஸ் ஓடுகிறது, மழையில் மண் சரிந்தால் ஓரிரு நாள் நிற்கும். அங்கே எம்.பி. தன் தொகுதியின் மறுபாதிக்குப் போக ஜம்மு வழியாகச் சுற்ற வேண்டும்.

*கேள்வி: காஷ்மீரில் பஹாடிகளுக்கு எஸ்.டி. அந்தஸ்து கொடுத்தார்கள். எங்கள் படுகர் சமுதாயம் எத்தனை காலமாகக் கேட்கிறது! அவர்களுக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது? (கல்லூரி மாணவி, கோத்தகிரி)*

2024 பிப்ரவரியில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, பஹாடி இனக்குழு உள்ளிட்ட நான்கு சமூகங்களைப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலைத் திருத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு மட்டுமே என்பது அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான், அரசியலமைப்பின் 342-வது பிரிவு. அப்போது அங்கே சட்டமன்றம் இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். எங்கள் பங்கு போய்விடும் என்று குஜ்ஜர்களும் பக்கர்வால்களும் பயந்தார்கள், பிறகு அவர்களுக்கு 10 சதவீதம், புதிதாக வந்தவர்களுக்குத் தனியாக 10 சதவீதம் என்று பிரித்து வைத்தார்கள். உங்கள் கோரிக்கையைப் பேசும்போதும் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்ன சொல்கிறார்கள் என்பதைக் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் அதைக் கேட்க ஒரு சபை இருக்கிறது, அது பெரிய விஷயம் தங்கச்சி.

*கேள்வி: லடாக் மக்கள்தானே தனி யூனியன் பிரதேசம் கேட்டார்கள்? கிடைத்த பிறகு ஏன் போராட்டம்? (மஞ்சூர்)*

லே பகுதியில் கேட்டார்கள், கார்கிலில் கேட்கவில்லை, 2019-லேயே அங்கே எதிர்ப்பு இருந்தது. லே மக்கள் கேட்டது ஸ்ரீநகரின் பிடியிலிருந்து விடுதலை. வந்தது சட்டமன்றம் இல்லாத யூனியன் பிரதேசம். முன்பு ஸ்ரீநகர் சபைக்கு நான்கு எம்.எல்.ஏ. அனுப்பினார்கள், இப்போது ஒருவர்கூட இல்லை, ஒரே ஒரு எம்.பி. மட்டும். 2011 கணக்கெடுப்பில் லடாக் மக்கள்தொகை 2.74 லட்சம், பரப்பு 59,000 சதுர கிலோமீட்டர். நம் நீலகிரி 7.35 லட்சம் பேர், பரப்பு சுமார் 2,500 சதுர கிலோமீட்டர், உதகை, குன்னூர், கூடலூர் என்று மூன்று எம்.எல்.ஏ. குந்தா தண்ணீரைப் பற்றியோ பச்சைத் தேயிலை விலையைப் பற்றியோ கத்துவதற்குச் சென்னையில் மூன்று இருக்கை இருக்கிறது. அவர்களுக்கு அந்த இருக்கை இல்லை.

இருப்பது மலை கவுன்சில்கள். லேவுக்கு 1995-லிருந்து, கார்கிலுக்கு 2003-லிருந்து. ஒவ்வொன்றிலும் 26 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், 4 பேர் நியமனம். பெயர் பெரிது, சட்டம் இயற்றும் அதிகாரம் இல்லை. ஆகவேதான் அரசியலமைப்பின் ஆறாவது அட்டவணை கேட்கிறார்கள், மேகாலயா, மிசோரம் போன்ற இடங்களில் உள்ள சுயாட்சிக் கவுன்சில்களுக்கு நிலம், காடு, வழக்காறு விஷயங்களில் சட்டம் இயற்ற வழி தரும் அட்டவணை அது. தேசியப் பழங்குடியினர் ஆணையமே 2019 செப்டம்பரில் இதைப் பரிந்துரைத்தது. ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை, பேச்சுவார்த்தை என்றே போனது. 2025 ஜூனில் உள்ளூர்க்காரர்களுக்கு வேலையில் இடஒதுக்கீடு தந்தார்கள், பதினைந்து வருடம் வசித்திருக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. அடிப்படைக் கேள்விக்குப் பதில் வரவில்லை.

2025 செப்டம்பர் 24-ல் லேயில் கலவரம் வெடித்தது, கட்சி அலுவலகத்துக்குத் தீ வைத்தார்கள், போலீஸ் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் கார்கில் போரில் நின்ற முன்னாள் ராணுவ வீரர். இரண்டு நாள் கழித்து உண்ணாவிரதம் இருந்த லடாக் செயல்பாட்டாளர் சோனம் வாங்சுக்கைத் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் கைது செய்து ஜோத்பூருக்குக் கொண்டு போனார்கள். தீ வைத்ததை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் எல்லையில் ராணுவத்துக்கு வழிகாட்டியாகவும் சுமை தூக்கியாகவும் தலைமுறையாக நின்ற ஜனம் அது, அவர்களை இந்த அளவுக்குத் தள்ளியிருக்கக் கூடாது. இதை எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

*கேள்வி: மாநில அந்தஸ்து திரும்ப வருமா? வர என்ன செய்ய வேண்டும்? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஊட்டி)*

செய்வது ரொம்பச் சுலபம். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவெல்லாம் வேண்டாம். 3-வது பிரிவின் கீழ் நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா, சாதாரணப் பெரும்பான்மை, போதும். யூனியன் பிரதேசமாக இருந்த இமாச்சல் 1971-லும், மணிப்பூரும் திரிபுராவும் 1972-லும், கோவா, அருணாசல், மிசோரம் மூன்றும் 1987-லும் அப்படித்தான் மாநிலமாயின. மாநிலமாக இருந்ததை முழுக்க யூனியன் பிரதேசமாக இறக்கியது மட்டும்தான் இந்திய வரலாற்றில் முதல்முறை.

வாக்குறுதி இருக்கிறது, தேதிதான் இல்லை. உரிய நேரத்தில் தருவோம் என்று உள்துறை அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னது 2019-ல். மாநில அந்தஸ்தைத் திருப்பித் தருவோம் என்று அரசு வழக்கறிஞர் உறுதி கொடுத்ததால், ஒரு மாநிலத்தை யூனியன் பிரதேசமாக்கியது செல்லுமா என்ற கேள்விக்குள்ளேயே 2023 தீர்ப்பு போகவில்லை. 2024 செப்டம்பர் 30-க்குள் தேர்தல் நடத்துங்கள் என்று தேதி வைத்தவர்கள், மாநில அந்தஸ்துக்கு "முடிந்தவரை விரைவில்" என்று மட்டும் எழுதினார்கள். தேதி வைத்தது ஏறக்குறைய அந்தத் தேதியில் நடந்தது, வைக்காதது நடக்கவில்லை. உமர் அமைச்சரவை பதவியேற்ற மறுநாளே, 2024 அக்டோபர் 17-ல், மாநில அந்தஸ்து கேட்டுத் தீர்மானம் போட்டது. 2025 ஆகஸ்டில் வழக்கு மறுபடி வந்தபோது, பஹல்காமில் நடந்ததைப் புறக்கணிக்க முடியாது என்றார் தலைமை நீதிபதி. ஏப்ரல் 22-ல் 26 பேரைச் சுட்டுக் கொன்ற அந்தக் கொடுமையை யார் மறக்க முடியும்? அன்று பாதுகாப்பு யார் பொறுப்பில் இருந்தது என்றும் கேட்க வேண்டாமா? போலீஸும் பொது ஒழுங்கும் முழுக்க மத்திய அரசின் கையில்தான் இருந்தன, தேர்ந்தெடுத்த அரசின் கையில் அல்ல. தன் கையில் இல்லாத விஷயத்துக்காக அந்த மக்கள் இன்னும் காத்திருக்க வேண்டும் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

உங்களால் ஆவது ஒன்று உண்டு. மசோதா வந்தால் நீலகிரி எம்.பி.க்கும் திண்டுக்கல் எம்.பி.க்கும் அதில் ஓட்டு உண்டு. மேட்டுப்பாளையமோ கொடைக்கானலோ, அவர்கள் குறை கேட்க வரும்போது ரோடு, ரேஷன் கேட்ட பிறகு இதையும் ஒரு வரி கேளுங்கள்: தேதி எப்போது என்று சபையில் கேட்பீர்களா?